ஆயத்த ஆராதனைக்குப் பிறகு ஒரு கட்டஞ்சாயா

அம்மா பால் விடாமல் போட்டு வைத்த கட்டஞ்சாயாவைத் தொடாமல் சித்தப்பா எழுந்து போனது இன்றும் கண்ணில் நிற்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே எல்லையில் நின்ற அயனி மரத்தை அப்பா கேட்காமல் வெட்டிவிட்டார் என்று கோபம். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த நான் படிப்பு முடித்து வேலைக்கே போய்விட்டேன்.

மார்த்தாண்டத்தில் அவருக்குக் குடைக்கடை. சுவரில் மிருகமும் எக்காளமுமாக ஒரு கடைசி காலப் படம் தொங்கும். மழைக்குப் பயந்து வந்தவர் உலக முடிவுக்குப் பயந்து திரும்புவார். எங்கோ பூமி அதிர்ந்தால் போதும், ஆண்டவர் மறுபடி வருகிற வருடத்தைக் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுவார். அந்த வருடம் தாண்டினால் கணக்கைத் திருத்துவார், கோபத்தைத் திருத்தமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும்.

எங்கள் சபையில் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனை உண்டு. யாரோடு மனத்தாங்கலோ, அன்றைக்கே போய்ப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் மறுநாள் அப்பத்துக்குக் கை நீட்ட வேண்டும். அண்ணனும் தம்பியும் மட்டும் ஆளுக்கொரு வாசல் வழியாக இறங்கிப் போய்விடுவார்கள். ஒரு சனிக்கிழமை கோயில் முற்றத்திலேயே சித்தி அவரிடம் கேட்டுவிட்டாள்:

"அவரு எப்ப வருவாருன்னு கணக்கு பாத்தது போதும். இன்னைக்கே வந்தா, அண்ணனுக்க கூட பேசாத்த இந்த மொகத்தையா காட்டப் போறிய?"

சித்தப்பா கொட்டும் மழையில் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். குடைக்கடைக்காரர் கையில் குடை இல்லை. அப்பா அவரைப் பார்த்ததும், "கேறி வா. சாயா குடிச்சியா?" என்றார். கொஞ்சம் கழித்து, "கேக்காம வெட்டுனது தப்புதாம்ல" என்றார். சித்தப்பா தலையை ஆட்டிவிட்டு, அம்மா கொண்டு வைத்த தம்ளரை எடுத்துக் குடித்தார். அம்மா அடுக்களையில் நின்று அழுதாள்.

அந்த மழைக்காலம் முடியும் முன் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். சவப்பெட்டியருகே சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல காலம் மக்கா, பேசியாச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தனை துக்கத்துக்கு நடுவிலும் எனக்கும் அப்படியொரு நிம்மதி. அந்தச் சனிக்கிழமையைத் தள்ளிப்போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே இன்றும் பயமாக இருக்கிறது.

கடையில் அந்தப் படம் இன்னும் தொங்குகிறது, முன்னால் மாட்டிய குடைகளுக்குப் பின்னே பாதி மறைந்து. போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவரிடம் போர்ச் செய்தியைக் காட்டி, "ஆண்டவருக்க வருகை பக்கமா சித்தப்பா?" என்று சீண்டினேன்.

"அது அவருக்க காரியம். நாளைக்கு திருவிருந்துல்லா, எனக்க மேல ஒனக்கு ஏதாவது வருத்தம் உண்டா?"

"இல்ல சித்தப்பா."

அதற்கப்புறம்தான் அம்மா வைத்த சாயாத் தம்ளரை எடுத்தார். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.