பழனியம்மாளின் இடது கால்

அண்ணன் மகளுக்குப் பள்ளியில் ‘நான் யார்?’ என்று ப்ராஜெக்ட். நாகல் நகர் கடையில் கேட்டால் அச்சடித்த சார்ட்டையே நீட்டுகிறார்கள். பெயர் எழுதும் இடம் மட்டும்தான் காலி. வாசனையே இல்லாத அந்தக் கடைப் பசையைத் திறந்ததும், எங்கள் டிராயிங் டீச்சர் காய்ச்சிய மைதாப் பசையின் புளித்த வாடை எப்படித்தான் நினைவுக்கு வந்ததோ.

தொண்ணூறுகளில் நான் ஏழாம் வகுப்பு. அச்சகத்தில் வீணான சினிமா போஸ்டர்களை டீச்சர் வாங்கி வந்து ஒட்டி, வெள்ளைப் பக்கத்தில் எங்களைப் படுக்கச் சொன்னார். படுத்தவளைச் சுற்றி அவள் ஜோடி கரித்துண்டால் கோடு இழுக்க வேண்டும். கோட்டுக்குள் அவரவர் கதை. எல்லாருக்கும் இரண்டு போஸ்டர் போதும், எனக்கு மூன்று. அப்போதே உடம்பு அப்படி.

என் ஜோடி பழனியம்மாள். கீரனூர்க்காரி, ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். போலியோவில் சூம்பிய இடது காலில் இரும்புப் பட்டை. போட்டோ எடுத்தால் அவள் அப்பா அந்தக் காலைத் துண்டால் மூடிவிடுவாராம்.

“நீ முகம் மட்டும் வரஞ்சா போதும்மா” என்றார் டீச்சர்.

“இல்லைங்க டீச்சர், நானும் படுக்கறனுங்க.”

அவள் படுத்தாள். இரண்டு காலையும் ஒரே பருமனில் இழுத்துவிட்டேன். எழுந்து பார்த்தவள், “இது யாரு காலு புள்ள?” என்று எச்சில் தொட்டு அழித்தாள். “இரும்பையும் சேத்து வரை.”

நாங்களெல்லாம் நெஞ்சுக்குள் சாமியும் வீடும் வரைந்தோம். அவள் அந்த ஒல்லிக் காலுக்குள், தன்னைத் தூக்கிச் சுமந்தவர்களை ஒருவர் கீழ் ஒருவராக நிறுத்தினாள். மேலே அப்பா, அடுத்து அம்மா, பஸ் கண்டக்டர், ஹாஸ்டல் ஆயா. கணுக்காலில் அவள் பையோடு நான். வலது காலை வெறுமனே விட்டுவிட்டாள்.

“அதுக்கு ஆளு வேண்டாம். தானா நடக்கும்.”

என்ன பெண் அவள்! இன்றும் நினைத்தால் சிலிர்க்கிறது.

படங்களை மாட்டிய பள்ளிக் கண்காட்சிக்கு அவள் அப்பா வந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் மாறி, தோள் துண்டைக் கையில் எடுத்தார். மூடிவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

“மேல பாருங்கப்பா. நீங்கதான்.”

வெகுநேரம் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வந்தவர் போனவரிடமெல்லாம், “மேல நிக்கறது நானுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் மகள் வகுப்பில் அப்படிக் கால் சூம்பிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதற்காக எந்தச் சாமியை வேண்டுமானாலும் கும்பிடுவேன். ஆனால் ஒருத்தி தரையில் படுக்க, இன்னொருத்தி பக்கத்தில் மண்டியிட்டு, அவள் எப்படி இருக்கிறாளோ அப்படியே வரைந்து கொடுக்கிற அந்த வகுப்பும் இப்போது இல்லை.