சப்பாத்து

மொன்றியலில் ஓர் இராணுவக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில்தான் அந்தத் தமிழ்ப் பெரியவரைப் பார்த்தேன். நரைத்த மீசை, கழுத்துவரை பட்டன் போட்ட கறுப்புக் கோட்டு. நவம்பர் குளிரில் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே நடந்தார்.

நானும் அலுவலக நண்பர்களும் புகழ்பெற்ற ஒரு தளபதியின் கல்லறையோடு படமெடுக்க வந்திருந்தோம். அவர் அதைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து, யாரோ ஒரு சாதாரணச் சிப்பாயின் கல்லருகே நின்றார்.

காவலாளி ஓடிவந்து பிரெஞ்சில் அதட்டினான். அவர் அசையவில்லை. காவலாளி கைபேசியை எடுத்ததும் நான் குறுக்கே புகுந்தேன்.

“ஐயா, ஷூவைப் போட்டுக்கங்க. இல்லேன்னா போலீசைக் கூப்பிடுவானாம்.”

“பெடியள் படுத்திருக்கிற இடத்துக்க சப்பாத்தோட வாறேல்லை, தம்பி.”

“சாமி விஷயம்னு சொல்லிடட்டுமா?”

“சாமியில்லை. சண்டையில செத்த என்ர மகளின்ர கல்லறையை இலங்கை ஆமி இடிக்கேக்க, சப்பாத்தோடதான் ஏறி நிண்டவங்கள். அதைச் சொல்லுங்கோ.”

காவலாளி பதிலுக்காக என்னையே பார்த்தான். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அதற்குப் போதவில்லை. குனிந்து என் ஷூவைக் கழற்றினேன்.