மீன் வாசனைக்கு இடமில்லை

என் பக்கத்துக் கட்டில்காரி காசிமேட்டில் மீன் விற்றவள். திருவொற்றியூரில் நாங்கள் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு வந்தபோது வாட்டசாட்டமாக இருந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் ரவிக்கையை ஊக்கு குத்தி இறுக்கிக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

எப்போதோ ஒரு பெரியவருக்குப் புரையேறியதாம். அன்றிலிருந்து எல்லோருடைய சோறும் குழம்பும் பொரியலும் ஒன்றாக மிக்சியில் அரைபட்டன. பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கூழ்தான்.

"இன்னாக்கா இது, போஸ்டர் ஒட்ற பசை மாரி கீது?" என்று தட்டைத் தள்ளிவிடுவாள்.

நிர்வாகி சும்மா இருக்கவில்லை. எடை மெஷின் வாங்கினார். வாராவாரம் எங்களை வரிசையாக ஏற்றி இறக்கினார். நிறுத்துப் பார்த்தாலே சதை பிடிக்கும் என்று யார் சொன்னார்களோ! பிறகு பசிக்கு டானிக் வந்தது. அதற்கும் பிறகு ஒரு நிபுணர் வந்து, சாப்பிடும் முன் இரண்டு கைகளையும் தூக்கிச் சிரிக்கச் சொன்னார். சிரித்தோம். தட்டு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று அத்தனை மேதைகளில் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"நெத்திலி கொயம்பு. மாங்கா போட்டு."

அவள் மகளுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியோடு வந்தவளை நிர்வாகி கேட்டிலேயே மறித்தார். இல்லத்துக்குப் பணம் கொடுக்கும் பெரிய மனிதர் சைவமாம்.

"மீன் வாசனை வந்தா ஐயா மனசு சங்கடப்படும்மா."

"எங்கம்மா பட்டினி கெடந்து செத்தா சங்கடப்பட மாட்டாரா சார்?" என்றாள் மகள்.

அவர் வானத்தைப் பார்த்தார். பெரிய மனிதரின் மனசு அங்கேதான் இருந்தது போலும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாற்காலிகளை இழுத்து வந்து கேட்டுக்கு வெளியே தெருவோரம் போட்டு, கட்டில்காரியைக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். கண்டெய்னர் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. அவள் முந்தானையால் தட்டை மறைத்தபடி, முள்ளைக்கூடத் துப்பாமல் மென்று தின்றாள். மறுசோறு கேட்டாள். நானும் ஒரு கை பார்த்தேன்.

எதிர் டீக்கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "இன்னா ஆயா, உள்ள சோறு போட மாட்டேன்றாங்களா?" என்று ஒருவர் உரக்கக் கேட்டார்.

எங்கள் எலும்பு தெரிந்தபோது வராத பதற்றம் அப்போது நிர்வாகிக்கு வந்தது. "உள்ள வாங்கம்மா, பேசிக்கலாம்" என்று கெஞ்சினார். அடுத்த ஞாயிறு முதல் பின்பக்கம் துவைக்கிற கல்லருகே மீனுக்கு அனுமதி கிடைத்தது. மெல்ல முடிந்தவர்களுக்குச் சோறு சோறாகவே வந்தது. கோடை வருவதற்குள் அவள் கன்னத்தில் சதை பிடித்தது.

ஆண்டுவிழாவில் பெரிய மனிதரின் முன் நிர்வாகி மைக்கைப் பிடித்தார். எங்கள் உடம்பு தேறியதற்கு டானிக்கும் சிரிப்புப் பயிற்சியுமே காரணம் என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என் முழங்கையை இடித்தாள்.

"கை தட்டுக்கா. பாவம், அவருக்கும் வவுறு ரொம்பணும்ல?"

நான் தட்டவில்லை.