தண்ணீர் கலக்காத விஸ்கி

லண்டனில் தோல் கிடங்குகள் நிறைந்த பெர்மாண்ட்சியில், எனக்குத் தண்ணீர் வேண்டாம் என்பதை மதுக்கடைக்காரனுக்குப் புரியவைக்க ஒரு மாதம் பிடித்தது. தண்ணீர் கலக்காமல் என்ற அர்த்தத்தில் "விஸ்கி, நீட்" என்றேன். கறுப்பன் சுத்தம் கேட்கிறான் என்று நினைத்து, தம்ளரை இன்னொரு தரம் துடைத்துவிட்டுப் பாதிக்குத் தண்ணீர் ஊற்றினான். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். என் கூலிக்குக் கட்டுப்படியான சரக்கு அங்கே மூன்றுதான். ஒன்று சுண்ணாம்புத் தண்ணீர்போலத் தொண்டையை அரித்தது. இன்னொன்று வெறும் தித்திப்பு. மூன்றாவதில் மட்டும் புகைவாசம் இருந்தது. விழுங்கிய பிறகும் நெஞ்சில் சூடு நின்றது. ஆம்பூர்த் தோலைத் தடவியும் முகர்ந்தும் தரம் பிரிக்கிறவன் நான். விஸ்கியையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். தண்ணீர் ஊற்றினால் எந்தச் சரக்கின் குணமும் தெரியாது.

இதை எங்களுக்குச் சொன்னவரே ஒரு துரைதான். ஆம்பூரில் நாங்கள் வேலை செய்த தோல் பதனிடும் தொட்டிக்குத் தோல் வாங்க வருவார். மாலையில் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து குடிப்பார். சுண்ணாம்புக் குழியில் வேலை செய்து கை வெடித்துப்போன என் அண்ணன் ஏசுதாஸ், தோல்கட்டை அவர் முன்னால் இறக்கியபடி ஒருநாள் கேட்டார்: "இன்னா தொரை, தண்ணி ஊத்தாமயே குடிக்கிறீங்க?"

"நல்ல சரக்குல தண்ணி ஊத்தறது பாவம்" என்று துரை சிரித்தார். அவர் சிபாரிசில்தான் லண்டன் கிடங்கில் தோல் தரம் பிரிக்கும் வேலைக்கு நான் கப்பலேறினேன்.

போன வாரம் அண்ணியின் கடிதம் வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன அண்ணனை, மடியில் ஒரு சின்னப் புட்டி சாராயம் இருந்ததென்று பிடித்துவிட்டார்களாம். மூன்று மாதம் ஜெயில். எங்கள் ஊரில் கடை திறந்திருக்கிறது; கிருஷ்ணகிரி இருக்கிற பக்கத்துச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு. எல்லை எங்கே என்று அந்த மனுஷனுக்கு யார் சொன்னார்கள்?

சனிக்கிழமை அதே மதுக்கடைக்குத் துரை வந்தார். விடுமுறையில் வந்திருக்கிறாராம். அண்ணன் சங்கதியைச் சொன்னேன்.

"நல்ல சட்டம். உங்க ஜனத்துக்குக் குடி ஆகாது" என்றார்.

"உங்களுக்கு?"

"நான் சேலம் போனா, குடிக்கறதுக்குப் பெர்மிட் இருக்கு."

சொல்லிவிட்டுக் கடைக்காரனைக் கூப்பிட்டு, என் தம்ளரைக் காட்டித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். என்மேல் அக்கறையாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தம்ளரை உள்ளங்கையால் மூடினேன். தண்ணீர் என் விரல்மேல் விழுந்து மேசையில் ஓடியது.

"ஒரு புட்டிக்கு எங்கண்ணன் ஜெயில்ல கீறாரு. நீ பெர்மிட் வச்சினு குடிக்கிறே. எனக்கு ஆவுமா ஆவாதான்னு சொல்ல நீ யாரு?"

துரையை நீ என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் முகம் சிவந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் தம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தேன். ருசியே தெரியவில்லை.

திங்கட்கிழமை கிடங்கில் என் தரம் பிரிக்கும் மேசையில் வேறொருவன் நின்றான். என்னைப் பொதி இறக்கக் கீழே படகுத்துறைக்கு அனுப்பினார்கள். துரையிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். கேட்கமாட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

இன்று ஊரிலிருந்து வந்த தோல் பொதி ஒன்றை இறக்கினேன். சாக்கில் ஒரு பக்கம் ஆம்பூர் என்றும் மறுபக்கம் லண்டன் என்றும் மை குத்தியிருந்தது. இரண்டையும் இறுக்கிக்கொண்டு நடுவில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றில் கொக்கியை மாட்டி இழுத்தேன்.