பதினோரு நாள் முடிச்சு

நைலான் நரம்பை ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தால் முதலில் தோலில் வெள்ளையாக ஒரு கோடு விழும். இன்னும் இழுத்தால் விரல் நுனி சிவந்து, பிறகு கறுத்து, உள்ளே விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பிக்கும். பத்து வயதில் இதை என் விரலில் செய்து பார்த்துவிட்டுத்தான் தனம் அக்காவின் கழுத்தில் கட்டினேன். விரல் என்றால் பொறுக்க முடியாதபோது அவிழ்த்துவிடலாம். கழுத்தில் கட்டியதை எக்காரணம் கொண்டும் அவிழ்க்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ரயிலடிக்குப் பின்பக்கத்துத் தெருவில் ஓட்டு வீட்டில் இருந்தோம். அப்பா கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அக்காவுக்குப் பதினேழு வயது; எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, சிதம்பரத்தில் ஆசிரியைப் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டுத் தினமும் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தின் இடப்பக்கம், காதுக்கு மூன்று விரற்கடை கீழே ஒரு மரு இருந்தது. மிளகளவுதான், சின்னதாய்க் காம்பு வைத்து, தொட்டால் ஆடும், வலிக்காது. கைப்பிள்ளையாக இருந்தபோது அதை நிமிண்டிக்கொண்டேதான் நான் தூங்குவேனாம்.

வைகாசியில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மாவுக்குத் தூரத்து உறவு. நிலபுலன், மாப்பிள்ளையின் வேலை எல்லாம் அம்மாவுக்குப் பிடித்துப்போயிருந்தது. மாப்பிள்ளையின் தாயார் பூ வைக்கிற சாக்கில் அக்காவின் தலையைத் திருப்பி, கழுத்தைப் பார்த்துவிட்டு, "தாலிக்கயிறு ஒரசுற எடத்துல மரு இருக்குதே" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. காபியைக் குடித்துவிட்டு, "ஆவணி பொறக்கட்டும், பாக்கலாம்" என்று எழுந்துவிட்டார். தாலி உரசுகிற இடத்தில் மரு இருந்தால் புருஷனுக்கு ஆகாது என்று அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. எந்த மடையன் கிளப்பிவிட்டானோ தெரியாது, இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மருவை எடுத்துவிடுவது என்று அம்மா அன்று சாயங்காலமே முடிவுகட்டிவிட்டாள். அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டால் கல்யாணப் பேச்சு இரண்டு வருஷத்துக்குத் தள்ளிப்போகும், அதற்குள் ஒரு வேலையும் கைக்கு வந்துவிடும் என்று அவள் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். அதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

எடுப்பது எப்படி என்பதற்குத் தெருவில் ஆளுக்கொரு யோசனை. சுண்ணாம்பையும் சோடா உப்பையும் குழைத்து வைக்கச் சொன்னாள் எதிர் வீட்டுக்காரி. அப்படி வைத்துத் தாடையெல்லாம் வெந்துபோன ஒருத்தியை எங்களுக்கே தெரியும் என்பதால் அதை விட்டுவிட்டார்கள். ரயிலடி ஜட்கா வண்டிக்காரரிடம் குதிரை வால்முடி வாங்கி வந்து கட்டிப் பார்த்தார்கள்; இரண்டு முறையும் இறுக்கும்போதே அறுந்துபோயிற்று. அப்போதுதான் தேவனாம்பட்டினத்திலிருந்து கூடை சுமந்து வந்து எங்கள் தெருவில் மீன் விற்கிற அஞ்சலை வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "குதர முடிய நம்பாதம்மா. எங்கூட்டுக்காரு இப்ப வலை பின்றதுக்கு நைலான் வாங்கியாந்து வெச்சிருக்குறாரு. அதுல ஒரு எழை பிரிச்சுத் தரேன். சுறா வந்து முட்டுனாலும் அறாது" என்றாள். மறுநாள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தாள்.

அம்மாவுக்குக் கிட்டப் பார்வை மங்கல், விரலும் தடிமன். அதனால் கட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. "ஒனக்குத்தான் எலி வெரலு, காம்போட அடியில வெச்சு இறுக்கு" என்று அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டாள். அக்கா தாவணி நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் முடிச்சுப் போட்டேன். அன்றிலிருந்து தினம் காலையில் பல் துலக்கியதும் அதை ஒரு இழுப்பு இறுக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மரு சிவந்து உப்பியது. ஆறாம் நாள் நீலம் பாரித்தது. எட்டாம் நாள் கழுத்தே வீங்கி, தொட்டால் சுட்டது. அக்காவால் தலையைத் திருப்ப முடியவில்லை, சோறும் இறங்கவில்லை. வேண்டாம்மா என்று நான் அழுதேன். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துச் சுற்றிலும் தடவிவிட்டு, "பாதியில வுட்டா ரெட்டிப்பா வளரும், இழு" என்றாள் அம்மா. இழுத்தேன். அக்கா முனகக்கூட இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பதினோராம் நாள் முகம் துடைத்த துண்டோடு மரு வந்துவிட்டது. அம்மா அதை எடுத்து அடுப்பில் போட்டு, "சனியன் தொலைஞ்சுது" என்றாள்.

ஒரு வாரம் கழித்துத் தபால் வந்தது. அக்காவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், குறிப்பிட்ட தேதியில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு சிதம்பரத்துக்கு வந்து, அங்கேயே டாக்டர் முன்னிலையில் அங்க அடையாளங்களைச் சரிபார்த்துக்கொண்டு சேர வேண்டும். அப்பா சந்தோஷத்தில் புத்தகத்தை எடுத்து விரித்து உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். அங்க அடையாளம் ஒன்று: கழுத்தின் இடப்பக்கம் ஒரு மரு. இரண்டு: வலது முழங்கையில் ஒரு மச்சம். தலைமையாசிரியை தன் கையாலேயே எழுதி, முத்திரை வைத்திருந்தார். நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்கு முந்தின வருஷம்தான் யாரோ ஒரு பெண் தன் அக்காவின் புத்தகத்தைக் காட்டி எங்கேயோ சேரப் பார்த்துப் பிடிபட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சாகக் கிடந்தது. "என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க" என்று அக்கா சொன்னாள். அழவில்லை. போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றார். அம்மா ஒரேயடியாக மறுத்தாள். பெற்ற பிள்ளையின் கழுத்தை அறுத்தவள் என்று சிதம்பரத்தில் நாலு பேர் முன்னால் பேர் வாங்கச் சொல்கிறீர்களா என்று கேட்டாள். இந்த இடத்தில் என் அம்மாவின் மூளை வேலை செய்த விதத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. கொல்லை வேப்பமரத்துப் பிசினைச் சுரண்டி, ஊறவைத்துப் பிசைந்து, சாந்துப் பொட்டுக் கலந்து, மிளகளவு உருட்டி, புறப்படுகிற காலையில் அக்காவின் கழுத்துப் புண்ணின் மேல் ஒட்டிவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அசல் மருவேதான். "யாரு கேட்டாலும் பொறந்ததுலேர்ந்து இருக்குதுன்னு சொல்லு" என்று எனக்கும் பாடம் நடந்தது.

அப்பாவின் பஸ்ஸிலேயே போனோம். ஆனி மாத வெயில். செம்மங்குப்பம் அப்போது வெறும் சவுக்குத் தோப்பும், வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையும்தான். அதைத் தாண்டும்போதே அக்காவுக்குக் கழுத்து வேர்க்க ஆரம்பித்துவிட்டது. அவள் இடப்பக்கம் என்னை உட்காரவைத்திருந்தார்கள், காவலுக்கு. நான் வெளியே ஒன்றும் பார்க்கவில்லை, மருவையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆலப்பாக்கத்தில் அது பளபளத்தது. புதுச்சத்திரத்தில் ஒரு நெல்லளவு கீழே இறங்கியிருந்தது. யாரும் பார்க்காதபோது விரலால் மேலே தள்ளி அழுத்தினேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள், அடியில் புண் இன்னும் ஆறவில்லை. சிதம்பரத்தில் எங்களை இறக்கிவிட்டு, "நாலு மணி டிரிப்புல வரேன்" என்று சொல்லி அப்பா விசில் அடித்துவிட்டுப் போனார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பயிற்சிப் பள்ளியில் வரிசை தாழ்வாரம் வரை நின்றது. அம்மா ஓலை விசிறியால் அக்காவின் கழுத்துக்கே விசிறிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற ஒரு பெண், "ஏங்க, எங்களுக்கும் கொஞ்சம் விசுறுங்களேன்" என்று கேலி செய்தாள். உள்ளே மேசைக்கு ஒரு பக்கம் ஒல்லியாக ஒரு கிளார்க், மறுபக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட டாக்டரம்மா. கிளார்க் புத்தகத்தைப் படித்தார். முழங்கை மச்சத்துக்கு டிக் போட்டார். டாக்டரம்மா அக்காவின் தாவணியை ஒதுக்கிவிட்டு மருவைத் தொட்டார். விரலை எடுத்தபோது மரு நூலாக நீண்டு விரலோடு கூடவே வந்தது.

அவர் அதை மூக்குக்கிட்ட கொண்டுபோய் முகர்ந்தார். "இது என்னம்மா, பிசினா?" என்று கேட்டார். கிளார்க் பேனாவை மூடிவிட்டு, "ஆள் மாறாட்டம் மேடம். மச்சம் ஊர்ல பாதிப் பேருக்கு இருக்குது. போலீசுக்குச் சொல்லிடலாம்" என்றார். அம்மா, "பொறந்ததுலேர்ந்து இருக்குதுங்க, பொறந்ததுலேர்ந்து இருக்குதுங்க" என்று இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்காவின் முகம் வெளிறிவிட்டது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "பாப்பா, நீ சொல்லு, இவங்க யாரு?" என்றார்.

அம்மாவின் கண் என்னைக் குத்திக்கொண்டிருந்தது. நான் பொய் சொல்லத் தெரியாத உத்தமி அல்ல. தினம் நாலு பொய் சொல்கிறவள்தான். ஆனால் அந்தப் பிசின் டாக்டரம்மாவின் விரலில் தொங்கிக்கொண்டிருக்கும்போது எந்தப் பொய்யும் வாயில் வரவில்லை. "எங்கக்காதாங்க. மருவை நான்தான் கட்டி எடுத்தேன்" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. அஞ்சலை கொடுத்த நைலான், எந்த நாள் சிவந்தது, எந்த நாள் வீங்கியது, அடுப்பில் போட்டது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். "இதெல்லாம் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருப்பாங்க மேடம்" என்றார் கிளார்க்.

டாக்டரம்மா மேசையிலிருந்து தையல் நூலில் ஒரு துண்டு வெட்டி என் கையில் கொடுத்து, தன் சுண்டுவிரலை நீட்டினார். "எப்படிக் கட்டுன, காட்டு" என்றார். கட்டினேன். அடியில் வைத்து, இரண்டு சுற்று, நடுவில் கண்ணி விட்டு, இறுக்க இறுக்க நழுவாத முடிச்சு. ஒரு இழுப்பு இழுத்தேன். அவர் முகம் சுளித்தார். "போதும், போதும்" என்று நூலை வெட்டிவிட்டு, அக்காவின் கழுத்தைப் பஞ்சால் துடைத்துப் பார்த்தார். பிசினுக்கு அடியில் அறுத்த புண் வட்டமாக, ஓரம் சீழ் வைத்து இருந்தது. கிளார்க்கும் எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"வலிச்சுதாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார் டாக்டரம்மா. அந்தப் பதினோரு நாளும், அதற்குப் பிறகும், எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. அக்கா அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்து, அந்த அறையில், அத்தனை பேர் முன்னால், குலுங்கிக் குலுங்கி அழுதாள். அம்மா விசிறியைத் தொங்கவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். டாக்டரம்மா அவளிடம் கோபமாகத்தான் பேசினார்: "இது ரத்தத்துல ஏறியிருந்தா சேர்க்கைக்கா வந்திருப்பீங்க, இவளைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு இல்ல ஓடியிருப்பீங்க." பிறகு புண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டிவிட்டு, மரு இருந்த அதே இடத்தில் அறுத்த வடு இருப்பதாகத் தன் தாளில் எழுதினார். ஒரு வாரத்துக்குள் தலைமையாசிரியையிடம் கடிதம் வாங்கி வர வேண்டும் என்று கிளார்க் கறாராகச் சொன்னார். அப்பா மறுநாளே வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அம்மா என்னோடு மூன்று நாள் பேசவில்லை. ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்கள் ஆவணிக்குக் காத்திருக்காமல் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். அக்கா பயிற்சி முடித்து, முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியாரம்மாவாக இருந்தாள். தனக்குப் பிடித்த ஒருவரையே கல்யாணமும் செய்துகொண்டாள். அவர் இந்த மரு விவகாரத்தைக் கேட்டுச் சிரித்ததோடு சரி.

இப்போது அந்தப் பாதையில் பஸ்ஸில் போனால் செம்மங்குப்பம் வந்ததும் ரசாயன நெடிக்கு ஜன்னலை மூடுகிறார்கள். சவுக்குத் தோப்பு இருந்த சுவடு இல்லை, ரயிலடியில் ஜட்காவும் இல்லை. ஆளை அடையாளம் பார்க்க விரலையும் கண்ணையும் இயந்திரத்தில் வைக்கச் சொல்கிறார்கள், கழுத்தை யாரும் பார்ப்பதில்லை. வயதானதில் என் கழுத்திலும் மூன்று மரு வந்துவிட்டது. மரத்துப்போக ஊசி போட்டு, கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். யாராவது இன்னும் வீட்டில் நூல் கட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து அவர்கள் கையைத் தட்டிவிடுங்கள்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது, அக்கா கழுத்துக் கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நேற்று அவளுக்குப் போன் செய்து, அறுபது வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். அவ்வளவு வலியில் ஒரு தடவையாவது கத்தியிருக்கலாமே, ஏன் கத்தவில்லை என்றேன்.

"எப்பிடிடி கத்துறது? இழுக்குற ஒவ்வொரு தடவையும் ஒன் கை நடுங்குச்சு" என்றாள்.