ஸஹ்றா கேட்ட இளம் றோஸ்

நிந்தவூரில் கலியாண வீட்டுக்கு முதலில் வருபவர் சுவர் கட்டும் மேசன், கடைசியில் வருபவர் மர்சூக். பெண்ணைப் பெற்றவர்கள் அவள் பேரில் வீடு கட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். இந்தக் கரையின் வழக்கம் அது. அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தே மர்சூக்கின் தலை நரைத்துவிட்டது.

அவரிடம் ஒரு தொழில் முறை இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து வீடு பார்த்துவிட்டுப் போகும்வரை கடைசிப் பூச்சை அடிக்கவே மாட்டார். வருகிறவர்கள் பலகாரத்தைத் தின்றுகொண்டே சுவரில் ஒரு குறை கண்டுபிடிப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. பெண் ஆசைப்பட்ட நிறம் போகும், கிறீம் வரும். அடுத்த தெரு நஸ்லா நீலம் கேட்டு அழுதபோது, "அழாதீங்க மகள். கலியாணம் முடியட்டும், உங்கட கலரையே வந்து அடிச்சித் தாறன்" என்றார். எல்லாப் பெண்களிடமும் அதைத்தான் சொல்வார். நல்ல மனதோடுதான் சொல்வார். சொல்லிவிட்டு ரோலரை எடுப்பார்.

இப்போது அவருடைய ஒரே மகள் ஸஹ்றாவின் முறை வந்தது. மாப்பிள்ளை றிம்சான் அயலூரான சாய்ந்தமருதுப் பையன். வாசல் எங்கே, சமைக்கும் குசினி எங்கே, தரைக்கு என்ன டைல்ஸ் என்பதையெல்லாம் ஊரே கூடித் தீர்மானித்தது. ஸஹ்றா எதற்கும் வாய் திறக்கவில்லை. தன் அறைக்கு மட்டும் ஒரு நிறம் கேட்டாள்.

"கடும் றோஸ் இல்ல வாப்பா. வெட்கம் வந்தா கன்னத்துல லேசா ஒரு நிறம் வருமே, அவ்வளவுதான்."

மர்சூக் வெள்ளை வாளிக்குள் சிவப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார். கூடினால் பிள்ளைகள் சூப்பும் ஐஸ்பழம் போலாகிவிடும். குறைந்தால் கடற்கரை வெயிலில் வெறும் வெள்ளையாகத் தெரியும். மூலையில் பூசி, காயவிட்டு, மனம் ஒப்பாமல் மறுபடியும் கலக்கினார். நிறம் சரியாக வந்து, நாலு சுவருக்கும் முதல் பூச்சு காய்ந்த அன்று ஸஹ்றா மர அலுமாரியை அந்தச் சுவரோரம் நகர்த்தி, வெள்ளைத் திரைச்சீலையைத் தொங்கவிட்டு, நடு அறையில் நின்று சுற்றிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மனிதருக்குப் புத்தி மழுங்கிப் போயிற்று. தன் தொழில் முறையை மறந்து கடைசிப் பூச்சையும் அடித்து முடித்தார்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு றிம்சானின் தாய் ஆகிலா வீடு பார்க்க வந்தார்.

"மாஷா அல்லாஹ், நல்ல வடிவான வீடு" என்றவர் ஸஹ்றாவின் அறை வாசலில் நின்று, மர்சூக்கை அண்ணன் முறை வைத்துக் கேட்டார். "இதென்ன காக்கா, சின்னப் புள்ளைட அறை மாதிரிக் கெடக்கு? ஆம்புளையும் இரிக்கிற அறைதானே. ஒரு கிறீம அடிச்சா நல்லம்."

அவருக்குக் கோபமே இல்லை. வட்டிலாப்பத்தை ருசித்தபடி சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கோபப்பட்டிருந்தாலாவது மர்சூக் எதிர்த்துப் பேசியிருப்பார்.

"புள்ள ஆசைப்பட்டுக் கேட்ட கலர்..."

"பெயின்ட் உங்கட கையிலதானே காக்கா, உங்களுக்கென்ன கஷ்டம்?"

மனைவி ஸம்ஸியா பின்னாலிருந்து அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். கலியாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. ஒரு சுவருக்காகச் சம்பந்தம் கசந்துபோனால் மகளின் கதி என்ன? மர்சூக் ஆகிலாவின் பக்கம் திரும்பினார்.

"ஓம் தங்கச்சி, மாத்திருவம்" என்றார்.

வீட்டு உறுதிப் பத்திரம் ஸஹ்றாவின் பேரில்தான் இருக்கிறது. அவளிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கிறீம் வாளியைத் திறந்தபோது மர்சூக்குக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஸஹ்றா வந்தாள். பெயின்ட் தெறிக்காமல் இருக்கத் தரையில் பழைய பேப்பரை விரித்தாள். ஸ்டூலில் ஏறித் திரைச்சீலையைக் கழற்றினாள். ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை. அழுதாலும் தேற்றலாம், இதற்கு என்ன செய்வது என்று தகப்பன் தவித்தார். பழகிப்போன நாக்கு தானாகவே புரண்டது.

"கலியாணம் முடியட்டும் மகள். உன்ட கலரையே வாப்பா அடிச்சித் தாறன்."

ஸஹ்றா திரைச்சீலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நஸ்லாவுக்கும் இப்படித்தானே சொன்னீங்க வாப்பா. அவட மூத்த புள்ள இப்ப ஸ்கூலுக்குப் போகுது. வீடு இன்னும் கிறீம்தான்."

மர்சூக் ரோலரை வாளியில் தோய்த்து, கதவுப் பக்கத்துச் சுவரிலிருந்து தொடங்கினார்.