ஒரே வீட்டின் நான்கு குதிரைகள்

ஊரில் போர் முடிந்த வருடம், அங்கே முகாம்களில் அடைபட்ட சனத்துக்குக் காசு சேர்க்க, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் பிராண்டே நகரில் குதிரை ஓட்டக் கணிப்புப் போட்டி வைத்தோம். காசு கட்டிச் சீட்டு வாங்கி, வெல்லும் என்று நினைக்கும் ஒரு குதிரையின் பெயரை ஆளுக்கொன்றாக எழுத வேண்டும்; யாரும் கலந்து பேசக் கூடாது. எங்கள் சங்கச் செயலாளரின் மனைவி வென்றார்.

கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு, "எந்தக் குதிரை, அக்கா?" என்று கேட்டேன். அவர் கணவரின் முகத்தைப் பார்த்தார்.

எனக்குப் பொறி தட்டியது. சீட்டுகளைப் புரட்டினேன். செயலாளர், மனைவி, இரண்டு மகள்மார் என்று, வெல்லக்கூடிய நான்கு குதிரைகளையும் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டிருந்தார்கள். எது முந்தினாலும் கோப்பை அந்த வீட்டுக்கே!

"குடும்பமெண்டா கதைக்கத்தானே செய்யும்," என்று செயலாளர் சிரித்தார்.

"சனம் அங்க தண்ணிக்கு வரிசையில நிக்குது. அதுகளின்ர பேரிலயும் களவோ, அண்ணை?" என்று கத்திவிட்டேன்.

இப்போதெல்லாம் ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டுத்தான் கொடுக்கிறேன். அண்ணை அதன்பின் வருவதில்லை. கோப்பையும் இன்னும் திரும்பி வரவில்லை.